வீட்டில் சமைப்பதா, வெளியில் சாப்பிடுவதா: கணக்கில் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

தனியறைவாசி:

நான் தனியாக வாழ்கிறேன். முழுநேர வேலை. வீட்டில் சமைத்தால் பணம் மிஞ்சும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு வேளைச் சமையலுக்காக வாங்கிய பொருள்களின் மொத்த விலையையும் அதே உணவுக்கான ஹோட்டல் பில்லையும் அருகருகே வைத்தால், வீட்டுச் சமையல்தான் கூடுதலாக வருகிறது. எண்ணெய், மசாலா, கீரைக்கட்டு எதுவும் ஒருவருக்குத் தேவையான அளவில் கிடைப்பதில்லை. அதற்கு மேல் கேஸ், தண்ணீர், பாத்திரம் கழுவும் நேரம். வெளியில் சாப்பிடுவது வீண்செலவு என்ற அறிவுரை குடும்பமாக வாழ்பவர்களுக்கு மட்டும்தானா?

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் விலையைச் சொல்ல வேண்டாம், அது இடத்துக்கு இடம் மாறும். விகிதமாகச் சொன்னால் எங்கிருப்பவர்களுக்கும் உதவும்.

பேரேடு:

உங்கள் கணக்கில் கையிருப்பும் செலவும் கலந்து கிடக்கின்றன. எண்ணெய் வாங்கிய நாளில் காசு போய்விடுகிறது; ஆனால் அது செலவாவது பல வாரங்களில். சரக்கு வந்து இறங்கிய அன்றே அதை நட்டம் என்று எந்தக் கடைக்காரரும் எழுதமாட்டார். மாதத் தொடக்கத்தில் அலமாரியில் இருப்பதை மதிப்பிடுங்கள். அந்த மாதம் வாங்குவதைக் கூட்டுங்கள். கடைசி நாளில் மிஞ்சியதைக் கழியுங்கள். வரும் தொகையை நீங்கள் சாப்பிட்ட வேளைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். சமைத்த வேளைகளால் வகுக்காதீர்கள், சாப்பிட்டவற்றால் வகுங்கள். குப்பைக்குப் போனது தானாகவே கணக்குக்குள் வந்துவிடும்.

அடுப்பு, குக்கர் போன்றவற்றின் விலையை அவை உழைக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடலாம். ஃப்ரிட்ஜ் எப்படியும் வீட்டில் இருக்கப்போகிறது என்றால் அதைச் சேர்க்கவே கூடாது. வீட்டு வாடகையும் அப்படித்தான். சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் மாறாத செலவுக்கு இந்த ஒப்பீட்டில் இடமில்லை.

தனி ஆளுக்குக் கூடுதல் செலவு ஆகும் என்பது உண்மைதான். அமெரிக்க வேளாண்துறை, எல்லா வேளையும் வீட்டில் சமைத்துச் சாப்பிட எவ்வளவு ஆகும் என்று உணவுத் திட்டங்களை வகுத்து வெளியிடுகிறது. அதன் அடிப்படை நால்வர் கொண்ட குடும்பம். ஒருவர் மட்டும் வாழும் வீட்டுக்குத் தலைக்கு 20 சதவீதம் கூட்டச் சொல்கிறார்கள். இருவருக்கு 10, மூவருக்கு 5. ஐந்தாறு பேர் இருந்தால் 5 சதவீதம் குறைக்க வேண்டும், ஏழு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 10. ஆகத் தனிமைக்கான கூடுதல் செலவு ஐந்தில் ஒரு பங்கு. இது சிறியதல்ல. ஆனால் வெளிச் சாப்பாட்டுக்கும் வீட்டுப் பொருள் விலைக்கும் உள்ள இடைவெளியை விழுங்கும் அளவுக்குப் பெரியதும் அல்ல.

கல்லாப்பெட்டி:

சிறிய உணவகம் நடத்துகிறேன். பில்லில் இருக்கும் 100 எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

உணவுப் பொருள் 28 முதல் 35 வரை இருந்தால் தொழில் ஒழுங்காக நடக்கிறது என்பது எங்கள் வட்டாரத்தின் பொது அளவுகோல். சமையல்காரர், பரிமாறுபவர், கழுவுபவர் சம்பளம் ஏறத்தாழ அதே அளவு, சில இடங்களில் அதற்கும் மேல். பிறகு வாடகை, எரிபொருள், மின்சாரம், வரி, உடையும் பாத்திரம், விற்காமல் மிஞ்சும் உணவு. எல்லாம் போக உரிமையாளர் கையில் நிற்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கம். டெலிவரி செயலி வழியாக வாங்கினால் அவர்களுடைய தரகு 15 முதல் 30 சதவீதம் வரை போகும். அதனால்தான் பல கடைகளில் செயலியில் ஒரு விலை, நேரில் ஒரு விலை.

இதைப் பார்த்துவிட்டு, வீட்டில் 30-க்கே முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 30 என்பது நான் மொத்த விலைக்கு வாங்குவதால் வருகிறது. அதே பொருளைச் சில்லறையில் வாங்கினால் உங்களுக்கு 40 ஆகலாம், அதைத் தாண்டவும் செய்யலாம்.

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே விகிதம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தானியம், பருப்பு, முட்டை போன்ற மலிவான பொருளில் செய்யும் எளிய உணவிலும், சூடான பானங்களிலும் பொருள் விலை மிகக் குறைவு. அவற்றை வெளியில் சாப்பிடும்போது நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் ஆள்கூலிக்கும் இடத்துக்கும்தான். நிறைய எண்ணெயில் பொரிப்பது, பல பொருள்களைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது, மணிக்கணக்கில் வேக வைப்பது ஆகியவற்றில் நிலைமை வேறு. அவற்றை ஒருவருக்காக வீட்டில் செய்தால் எண்ணெயும் மசாலாவும் மீந்துபோகும். நாங்கள் அவற்றைப் பலருக்காகச் செய்வதால் மீதி என்பதே இல்லை.

மறுபக்கம்:

நேரத்தை ஒருவரும் சேர்க்கவில்லையே. சமைக்க, கழுவ, கடைக்குப் போய்வர ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் என்று வையுங்கள். என் ஒரு மணி நேரச் சம்பளத்தை அதன்மேல் ஏற்றினால் வீட்டுச் சாப்பாடு பலமடங்கு விலையாகிறது. நேரத்துக்கு விலை உண்டு என்பதைப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1965-லேயே பொருளாதாரக் கோட்பாடாக எழுதிவிட்டார். குடும்பம் என்பது சந்தைப் பொருளையும் நேரத்தையும் சேர்த்து உணவு தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்சாலை என்பதுதான் அவருடைய பார்வை. அதிகம் சம்பாதிப்பவர் வெளியில் சாப்பிடுவது சோம்பலால் அல்ல, அவருடைய கணக்கு அப்படி.

இரவுப்பணி:

அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கு விற்பீர்கள்? எனக்கு மாதச் சம்பளம். இன்று மாலை சமைக்காமல் இருந்தால் ஒரு காசும் கூடுதலாக வராது.

பேரேடு:

இரவுப்பணி சொல்வதுதான் நடைமுறை. விற்க முடிகிற மணிக்கு மட்டுமே சம்பள விலை. மற்ற மணிகளுக்கு விலை வேறு: ஓய்வு எவ்வளவு தேவை, சமைப்பது பிடிக்குமா என்பதைப் பொறுத்தது. அதை அவரவர்தான் சொல்ல முடியும்.

மறுபக்கம், நேரத்தை இரு பக்கமும் எழுதுங்கள். வெளியில் சாப்பிடக் கிளம்புவது, இடம் கிடைக்கக் காத்திருப்பது, ஆர்டர் வரக் காத்திருப்பது, திரும்பி வருவது எல்லாமே நேரம்தான். வீட்டில் பருப்பு வேகும் நேரம் முழுவதும் நீங்கள் அடுப்பின் முன் நிற்பதில்லை. கை வேலை செய்யும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. ஓய்வு பெற்றதும் மக்களின் உணவுச் செலவு சட்டென்று குறைவதைப் பொருளியலாளர்கள் நெடுநாளாகக் கவனித்துவந்தார்கள். முதியவர்கள் போதிய திட்டமில்லாமல் வயிற்றைக் கட்டுகிறார்களோ என்ற கவலையும் இருந்தது. மார்க் அகியார், எரிக் ஹர்ஸ்ட் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க முதியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையே நேரடியாகப் பார்த்தார்கள். செலவு குறைந்திருந்தது, உணவின் அளவும் தரமும் குறையவில்லை. விலை பார்த்து வாங்கவும் சமைக்கவும் அவர்கள் கூடுதல் நேரம் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுப்பங்கரை:

இந்த இழையில் எல்லோரும் தங்கள் நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். குடும்பமாக வாழ்ந்தால் சமையல் மலிவு என்று தனியறைவாசித் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. குடும்பத்தில் மலிவாகத் தெரிவதற்கு முதல் காரணம், அங்கே ஒருவருடைய உழைப்பு கணக்கில் ஏறாததுதான். எங்கள் வீட்டுச் செலவு நோட்டில் காய்கறி இருக்கிறது, கேஸ் இருக்கிறது, என் காலை நேரம் இல்லை.

யாரும் வேண்டுமென்று மறைத்ததாக நான் சொல்லவில்லை. நாடுகளின் வருமானக் கணக்கே அப்படித்தான். ஹோட்டலில் ஒருவர் சமைத்தால் அது உற்பத்தி, அதே கைகள் வீட்டில் சமைத்தால் அது கணக்கில் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சம்பளமில்லாத வீட்டுப் பணியிலும் பராமரிப்பிலும் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது; இது 64 நாடுகளின் தரவை வைத்துப் போட்ட மதிப்பீடு. அதில் 76.2 சதவீதம் பெண்களுடையது. சமையல் அதன் பெரிய கூறு.

வெளியில் சாப்பிடலாமா என்று வீட்டில் ஒருவர் கேட்கும்போது, “எதற்கு வீண்செலவு” என்று பதில் சொல்பவர் பெரும்பாலும் சமைக்காதவராகத்தான் இருக்கிறார். அவருக்கு வீட்டுச் சாப்பாட்டின் விலை பொருள் விலை மட்டும். சமைப்பவருக்கு அப்படியில்லை. ஆகவே ஒப்பீட்டைப் போடுவதற்கு முன்னால், யாருடைய கணக்கு என்று தலைப்பில் எழுதிவிடுங்கள்.

பேரேடு:

அக்கா சொல்வதை நான் முழுவதும் ஏற்கிறேன். எது உழைப்பு, எது சொந்த இன்பம் என்று பிரிக்கப் பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934-லேயே ஓர் அளவுகோல் தந்தார். உங்களுக்குப் பதிலாக வேறொருவரைக் கூலிக்கு வைத்து அந்த வேலையைச் செய்விக்க முடியுமென்றால் அது உற்பத்தி. சாப்பிடுவதற்கு ஆள் வைக்க முடியாது, சமைப்பதற்கு முடியும். ஆகவே சமையல் உழைப்பு.

இது ஏட்டளவில் நிற்கிற விஷயமும் அல்ல. அமெரிக்க அரசின் வறுமைக் கோட்டை 1960-களில் வகுத்தவர் மோலி ஒர்ஷான்ஸ்கி. குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுகின்றன என்ற 1955-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து, மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் விலையை மூன்றால் பெருக்கினார். அந்தத் திட்டம் எல்லா வேளையும் வீட்டிலேயே சமைக்கப்படும் என்று எடுத்துக்கொண்டது. அதைச் சமைத்து முடிக்க எத்தனை மணி ஆகும், அந்த மணி யாரிடம் இருக்கிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. ஏழைக் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனால் அந்தச் சிக்கன உணவு அவர்களுக்குக் கிடைக்காது. காசு குறைவு மட்டும் அதற்குக் காரணமல்ல, நேரமும் இல்லை.

மறுபக்கம்:

சரி, இதையே எண்ணாக்குங்கள் பார்க்கலாம்.

பேரேடு:

போடுகிறேன். ஹோட்டல் பில் 100 என்று வைப்போம். வீட்டில் சில்லறை விலையில் பொருள் 40. தனி ஆள் என்பதால் 20 சதவீதம் கூட்டினால் 48. எரிபொருளுக்கு 2. மொத்தம் 50. மிச்சமும் 50. (40, 2 இரண்டும் எடுத்துக்காட்டுக்கான எண்கள், உங்கள் எண்ணை இட்டுக்கொள்ளுங்கள்.)

இப்போது மிச்சத்தைக் கை வேலை நேரத்தால் வகுங்கள். ஒரு தட்டுக்காக நறுக்கிச் சமைத்துக் கழுவ முக்கால் மணி நேரம் ஆகிறதென்றால், மணிக்கு 67 வீதம் மிச்சம் பிடிக்கிறீர்கள். நான்கு தட்டு ஒரே தடவையில் செய்தால் நேரம் நான்கு மடங்காகாது. ஒன்றேகால் மணி என்று வையுங்கள். மிச்சம் 200, மணிக்கு 160. அதே ஆள், அதே அடுப்பு, அதே சந்தை. மணிக்கு மிச்சமாகும் தொகை, அதாவது உங்கள் மணிக்கூலி, மட்டும் ஏறத்தாழ 2.4 மடங்காகிறது.

தனியறைவாசி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். குடும்பம் இருப்பதா இல்லையா என்பதைவிட, ஒருமுறை அடுப்பு பற்றவைத்தால் எத்தனை தட்டு எழுகிறது என்பதே பெரிய வேறுபாட்டைத் தருகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஆசைப்பட்டுச் சமைப்பவருக்கு வீட்டுச் சாப்பாடு விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும். அவருக்குப் பொருளும் வீணாகும், மணிக்கூலியும் தேறாது.

நீலச்சுடர்:

எரிபொருள் பற்றிப் பேச வந்தேன். பேரேடு அதற்குச் சிறிய எண் போட்டது சரி. பலர் பயப்படும் அளவுக்கு அது பெரிய செலவல்ல. ஆனால் அதை வீணாக்கும் வழி ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும், அதாவது ஏழரை மடங்குக்கு மேல். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 46 மெகாஜூல். அடுப்பின் வெப்பத்தில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறதென்றால், கொதிக்கவைக்க 11 கிராம் கேஸ் போதும், வற்றவைக்க 80 கிராமுக்கு மேல் ஆகும். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் உணவு சீக்கிரம் வேகாது; திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆவிதான் கூடும். ஆகவே மூடி போடுங்கள், கொதித்ததும் தீயைக் குறையுங்கள். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறி வெப்பம் 120 டிகிரிவரை போவதால் வேகும் நேரமே சுருங்கிவிடுகிறது.

இண்டக்‌ஷன் அடுப்பில் அதே லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.1 யூனிட் மின்சாரம். உங்கள் இடத்தில் யூனிட் விலையையும் கேஸ் விலையையும் வைத்து எது மலிவு என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தனியறைவாசி:

பேரேடு அவர்களின் கணக்கு தெளிவு. ஆனால் நான்கு தட்டு சமைத்தால் நான்கு வேளையும் அதையே சாப்பிட வேண்டும். மூன்றாவது வேளையில் சலித்துப்போய் வெளியில் கிளம்பினால், மிச்சமானது குப்பைக்குப் போகும். அதற்கு மேல், பழைய உணவைச் சூடாக்கிச் சாப்பிடுவது நல்லதா என்ற கேள்வியும் இருக்கிறது.

இரவுப்பணி:

மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன், அதனால் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், ஆழமில்லாத சிறு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். உள்ளே 4, 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அப்படி வைத்த உணவை மூன்று, நான்கு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் சமைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

சலிப்புக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. முழுச் சாப்பாடாக நான்கு தட்டு செய்யாதீர்கள். சலிக்காத அடிப்படையை மட்டும் மொத்தமாகச் செய்யுங்கள்: வேகவைத்த பருப்பு, வதக்கிய வெங்காயம் தக்காளி, வேகவைத்த பயறு. ஒவ்வொரு வேளையும் தாளிப்பும் காயும் மாறினால் உணவே மாறிவிடும். நேரம் தின்னும் வேலைகள் அடிப்படையில்தான் இருக்கின்றன. கடைசிப் பத்து நிமிட வேலை எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை.

அடுப்பங்கரை:

வீணாவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவகங்கள் போன்ற இடங்களில், 12 சதவீதம் கடைகளில்.

கல்லாப்பெட்டி:

அக்கா, அந்தக் கணக்கில் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலான வேளை உணவு வீட்டில்தான் நடக்கிறது என்பதால் வீட்டின் பங்கு பெரிதாகத் தெரிவதும் இயல்பு. ஆனால் நீங்கள் சொல்ல வருவது புரிகிறது.

அடுப்பங்கரை:

ஆமாம், அதைச் சேர்த்தே படிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்: வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கை எறிந்தால், சாப்பிட்டதன் விலை கால் பங்கு ஏறிவிடுகிறது. தனியாக வாழ்பவருக்கு அமெரிக்க வேளாண்துறை சொல்லும் 20 சதவீதத்துக்கு மேல் இன்னொரு சுமை இது. கீரையை விட்டுவிட்டு, நாள்பட நிற்கும் காய்களை வாங்குங்கள் தம்பி: கேரட், முட்டைக்கோசு, பூசணி, வெங்காயம். கீரை வாங்கிய அன்றே சமைக்க முடிகிற நாளில் மட்டும் கீரை.

மறுபக்கம்:

மணிக்கூலி முறை எனக்குப் பிடித்திருக்கிறது. என் வேலை மணிக்கணக்கில் கூலி தரும் வேலை. வேலை குவியும் வாரத்தில் மணிக்கு 160 மிச்சம் என்பது எனக்குக் குறைவு, அப்போது வெளியில்தான் சாப்பிடுவேன். வேலை குறைந்த வாரத்தில் சமைப்பேன். இரண்டில் ஒன்றை வாழ்நாள் முழுவதற்கும் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

இரவுப்பணி:

பணி முடிந்து வீடு வந்து சேரும் நேரத்தில் எனக்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த வேளையை டெலிவரிக்கு விட்டால் மாதக் கடைசியில் அதுதான் பெரிய எண்ணாக நிற்கிறது. கல்லாப்பெட்டி அவர்களே, உங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது வழி இருக்கிறதா?

கல்லாப்பெட்டி:

இருக்கிறது. முழுச் சாப்பாடு வாங்காதீர்கள். சோறு, பருப்பு போன்ற அடிப்படையை வீட்டில் வைத்துக்கொண்டு, குழம்பையோ பொரியலையோ மட்டும் வாங்குங்கள். சோற்றுக்காக வெளியில் பெரும் தொகை கொடுப்பதில் பொருளே இல்லை, வீட்டில் அது மிக மலிவு. குழம்புதான் ஒருவருக்காகச் செய்தால் கட்டுப்படியாகாது. வரும் வழியில் நேரில் வாங்கினால் செயலித் தரகும் இல்லை, டெலிவரிக் கட்டணமும் இல்லை. ஒரு ஆள் அளவு குழம்பு இருவேளைக்குப் போதும் என்றால் இன்னும் இறங்கும். தனியாகக் குழம்பு கொடுப்பீர்களா என்று கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். எங்கள் கடையில் கேட்டால் கொடுக்கிறோம், பெரும்பாலான சிறு கடைகளிலும் கொடுப்பார்கள். சொந்த டப்பா கொண்டுவந்தால் எங்களுக்குப் பார்சல் டப்பாச் செலவும் மிச்சம்.

தனியறைவாசி:

இதை இந்த வாரமே செய்யத் தொடங்குகிறேன். மணிக்கூலிக் கணக்கை என் எண்களோடு போட்டு இங்கேயே பதிகிறேன். பாத்திரம் கழுவும் நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும்தானே?

பேரேடு:

கட்டாயம். கடைக்குப் போய்வரும் நேரத்தையும் சேருங்கள், அதை அந்த வாரத்துச் சமையல்களுக்குப் பிரித்து.